வைக்கோலைப் பொன்னாக்கு என்றான் ராசா: தேவதைக் கதையை மலையகத்து டிஸ்டோபியாவாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

எழுதிப் பழகும் இளையவர்கள் காட்டுகிற டிஸ்டோபியா கதைகளில் பாதி, இரும்புச் சுவர் சூழ்ந்த ஏதோ ஒரு மாநகரத்தில் நடக்கின்றன. வானத்தில் ட்ரோன் பறக்கும், தெருமுனையில் ரோபோ நிற்கும். எழுதியவரோ இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருப்பார். அவர் வீட்டு இஸ்தோப்பில் நின்று பார்த்தால் தெரிகிற மலையில், பெரிதாகக் கற்பனை சேர்க்காமலே எழுதக்கூடிய சட்டதிட்டங்கள் கொட்டிக் கிடக்கின்றன.

டிஸ்டோபியா என்றால் இருட்டும் இடிந்த கட்டடமும் என்று நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் நல்லது என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு விதி, யாருக்கும் விலக்குக் கொடுக்காமல் ஓடினால் மனிதர் என்ன ஆவார்கள் என்று பார்க்கிற கதை அது. வெயில் நன்றாக அடிக்கிற ஒரு காலையிலும் அது நடக்கலாம். இங்கே ஒரே ஒரு பழைய கதையை எடுத்து, முதல் வரியிலிருந்து முடிவு வரை அதை எப்படித் திருப்புவது என்று பார்ப்போம்.

முதல் படி: கடன் இருக்கிற கதையைத் தேடுங்கள்

சின்ரெல்லாவை எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனாலும் மூலக் கதைகளைப் போய்ப் படியுங்கள். 1697-இல் பிரான்சில் சார்ல்ஸ் பெரோ அச்சிட்ட கதையில் கண்ணாடிச் செருப்பு. கிரிம் சகோதரர் தொகுத்ததில் தங்கச் செருப்பு, அதற்குள் கால் நுழைய அக்காமார் இருவரும் விரலையும் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். ஹான்சல், கிரெட்டல் கதையின் 1812 பதிப்பில் பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாயேதான். பிந்திய பதிப்புகளில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். பழைய கதைகள் நாம் நினைப்பதை விடக் கறுப்பானவை.

ஹாமெலின் குழலூதி கதையும் இருக்கிறது. எலி பிடித்தவனுக்குப் பேசிய கூலியைக் கொடுக்காததால் ஊர்ப் பிள்ளைகளை அவன் கூட்டிக்கொண்டு போகிறான். 1284-ஆம் ஆண்டு, 130 பிள்ளைகள் என்கிறது அந்த ஊர் மரபு. ஆசை காட்டித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டி வந்த பெரிய கங்காணி நினைவுக்கு வருவார். அதை வேறொருவர் எழுதட்டும்.

நான் எடுப்பது ரம்பில்ஸ்டில்ட்ஸ்கின். கிரிம் தொகுப்பில் 55-ஆவது கதை. மாவு ஆலைக்காரன் ஒருவன், தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று ராசாவிடம் பெருமை பேசுகிறான். ராசா அவளை வைக்கோல் நிரப்பிய அறையில் பூட்டி, விடியுமுன் நூற்காவிட்டால் சாவு என்கிறான். குள்ளன் ஒருவன் வந்து நூற்றுக் கொடுக்கிறான். முதல் இரவு அவள் கொடுத்தது கழுத்து மாலை, இரண்டாம் இரவு மோதிரம். மூன்றாம் இரவு கொடுக்க ஒன்றுமில்லை, பிறக்கப்போகிற முதல் பிள்ளையைக் கேட்கிறான். அவள் ராணியாகிப் பிள்ளை பெற்றதும் வந்து நிற்கிறான். மூன்று நாளில் என் பேரைக் கண்டுபிடி, பிள்ளையை விட்டுவிடுகிறேன் என்கிறான்.

மாலை, மோதிரம், பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்த வரிசை புதிதல்ல. முதலில் நகை அடகுக்குப் போகும், அப்புறம் பிள்ளை கொழும்புக்கு வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போகும். கதை நம்மைத் தேடி வந்திருக்கிறது.

இரண்டாம் படி: யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வையுங்கள்

கதையைச் சுருக்கி எழுதாதீர்கள், கடைக்காரர் கொப்பியில் எழுதுவதைப் போலக் கொடுக்கல் வாங்கலை எழுதுங்கள். தகப்பன் கொடுத்தது ஒரு பொய், வாங்கியது அரச சம்பந்தம். ராசா கொடுத்தது மிரட்டல், வாங்கியது மூன்று அறை நிறையப் பொன். மகள் கொடுத்தது மாலை, மோதிரம், பிள்ளைக்கான வாக்கு. குள்ளன் கொடுத்தது மூன்று இரவு வேலை.

இப்படி எழுதினால் ஒன்று பளிச்சென்று தெரியும். பொய் சொன்ன தகப்பனுக்கும் கொல்லுவேன் என்ற ராசாவுக்கும் கடைசி வரை ஒரு தண்டனையும் இல்லை. வேலை செய்தவன்தான் கெட்டவன். 1812 பதிப்பில் பேரைச் சொன்னதும் அவன் கோபத்தோடு ஓடிப் போகிறான், 1819 பதிப்பில் தன்னையே இரண்டாகக் கிழித்துக்கொள்கிறான். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வோர் இரவும் ராசா கொண்டுபோய் விடுகிற அறை முந்தியதை விடப் பெரிது. உங்கள் கதையின் எஞ்சின் அதுதான்.

மூன்றாம் படி: ஒரே ஒரு விதி

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

எதிர்காலத்துக் கொடுமையை ஆகாயத்திலிருந்து பிடிக்கத் தேவையில்லை. நம் வரலாற்றிலேயே மாதிரிகள் உண்டு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பட்ட கடனை எழுதிய துண்டு வேண்டும், புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத்துத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சில ஆசனங்களை வென்றது. அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டத்தோடு வாக்குப் போட்ட அந்த மக்களில் பெரும்பாலானோர் நாடில்லாதவர் ஆனார்கள். 1964-இல் இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கையில், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1947-இல் ஒருவர் இதைக் கதையாக எழுதியிருந்தால், மிகைக் கற்பனை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கிற விதிகளிலும் பார்க்கலாம். நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும், அது வராவிட்டால் அரைப் பேர், பாதி நாள் சம்பளம்தான். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று தராசில் தண்ணீருக்குக் கழிப்பார்கள். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021-இல் வர்த்தமானியில் வந்த பிறகு பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டிவிட்டார்கள் என்று தோட்டம் தோட்டமாகப் புகார் கேட்டது. ராசாவின் அறை பெரிதாவது இப்படித்தான்.

இவற்றில் ஒன்றை எடுத்து ஓர் அடி மட்டும் முன்னால் தள்ளுங்கள். நான் வைக்கிற விதி இது:

நேற்று யாரோ ஒருவர் பறித்த ஆகக் கூடிய கிலோ, இன்று எல்லாருக்கும் ஆகக் குறைந்த கிலோ.

ஒரே வாக்கியம். காகிதத்தில் நியாயமாகக்கூடத் தெரியும், ஒருவரால் முடிந்தது மற்றவரால் முடியாதா என்று கேட்கலாம். நல்ல டிஸ்டோபியா விதிக்கு இதுதான் சோதனை: கூட்டத்தில் வாசித்தால் நாலு பேராவது தலையாட்ட வேண்டும். இதற்கு மேல் ட்ரோன், கொள்ளை நோய், மூன்றாம் உலகப் போர் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டாவது விதி வந்தவுடனே முதல் விதியை வாசகர் மறந்துவிடுவார்.

விதியை வைத்ததும் மனிதர் அதை எப்படிச் சமாளிப்பார்கள் என்று யோசியுங்கள். பெண்கள் முட்டாள்கள் அல்ல. யாரும் பதினெட்டுக்கு மேல் பறிக்கக் கூடாது என்று மலையிலேயே பேசிவைப்பார்கள். அப்படியானால் கம்பனி என்ன செய்யும்? ஆகக் கூடப் பறித்தவருக்குப் பரிசு வைக்கும். "கொழுந்து ராணி" என்று கிரீடம் வைத்துப் படம் எடுக்கும். மகளின் பரீட்சைக் கட்டணத்துக்குக் காசில்லாத ஒருத்தி பேச்சை மீறுவாள். அவள்மேல் வாசகருக்குக் கோபம் வரக் கூடாது. வந்தால் அந்தக் காட்சியைத் திரும்ப எழுத வேண்டும்.

நான்காம் படி: ஆட்களை மாற்றுவது

ராசாவைத் துரையாக்குவது முதலில் தோன்றும் யோசனை. விட்டுவிடுங்கள். துரை என்றால் பங்களா, தொப்பி, நாய் என்று பழைய படம் ஓட ஆரம்பித்துவிடும். ராசா இந்தக் கதையில் முகமில்லாத கம்பனி. அதன் குரல் அறிவித்தல் பலகையில் மட்டும் கேட்கட்டும்.

தகப்பனைக் குடிகாரனாக்கவும் வேண்டாம், அது பழகிப் புளித்துப்போன தோட்டத் தகப்பன். இவர் அன்பான மனிதர். கம்பனி விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க வந்தவர்களிடம் பாசத்தில் சொல்லிவிடுகிறார்: "எம்மக கை வச்சா போதும், கொழுந்து தானா வந்து கூடையில விழும்." அடுத்த திங்கட்கிழமை, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அது புது இலக்காகிறது.

குள்ளனைப் பற்றி எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. அவனைச் சாமியாக்க ஆசை வரும். நமக்குத்தான் ஃபேக்டரிச் சக்கரத்துக்கு ரோதமுனி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி என்று தொழிலுக்கொரு தெய்வம் இருக்கிறதே. ஆனால் முனி படையலை வாங்கிக்கொண்டு காவல் நிற்கும், வட்டி கேட்காது. அதனால் குள்ளன் பக்கத்து டிவிஷன் பையனாகவே இருக்கட்டும். உயர்தரம் வரை படித்தவன், வேலை கிடைக்காமல் கமிஷனுக்குக் கடன் பிடிப்பவன். அவனுக்கும் மாதத்துக்கு இத்தனை கையெழுத்து என்று ஓர் இலக்கு உண்டு. "அக்கா" என்றுதான் பேசுவான்.

ஐந்தாம் படி: மூன்று இரவுக்கும் கணக்குப் போடுங்கள்

தேவதைக் கதையில் வைக்கோல் எப்படிப் பொன்னாகிறது என்று யாரும் கேட்பதில்லை. டிஸ்டோபியாவில் கேட்பார்கள். பறிக்காத கொழுந்து எங்கிருந்து வரும்?

தண்ணீருக்குக் கழித்த கிலோவிலிருந்து வரும். அறுபது பெண்கள் பறிக்கிற டிவிஷனில் ஆளுக்கு இரண்டு கிலோ கழித்தால் ஒரு மழை நாளில் 120 கிலோ. அந்தக் கொழுந்து உண்மையில் ஃபேக்டரிக்குப் போய்விட்டது, யார் பேரிலும் பதியவில்லை, அவ்வளவுதான். நம் கதையில் கம்பனி அதை ஒரு நிதியாக்கி, கிலோ போதாதவர்களுக்கு எட்டுக்கு ஒன்று வட்டியில் கடன் கொடுக்கிறது.

இனிக் கணக்கு. அவளால் முடிந்தது நாளுக்கு 18. முதல் நாள் இலக்கு 26, துண்டு விழுவது 8, ஈடு மாலை. இரண்டாம் நாள் அதே 26, அதோடு திருப்பிக் கொடுக்க 9, மொத்தம் 35. பறித்தது 18, கடன் 17, ஈடு மோதிரம். மூன்றாம் நாள் கொழுந்து ராணி ஒருத்தி புண்ணியத்தில் இலக்கு 29 ஆகிவிட்டது, திருப்ப வேண்டியது 19, மொத்தம் 48. பறித்தது அதே 18. முப்பது கிலோ பள்ளம், கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. இந்த மூன்று நாளில் ஃபேக்டரிக்குப் போன அவள் கொழுந்து ஒரு கிலோகூடக் கூடவில்லை. சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்கிற கணக்கும் அப்படியேதான் இருக்கிறது. கூடியது கடன் மட்டும். இதைக் கதையில் விளக்க வேண்டாம், எண்களைத் தராசுச் சீட்டில் காட்டினால் போதும்.

மூன்றாம் இரவின் ஒப்பந்தம் சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் ஆகக் குறைந்த வயது 2021-இல் 16 ஆக்கப்பட்டது. கம்பனி அதை மீறவே மீறாது. பிள்ளை மடுவத்துத் தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் பேரை, அதற்குப் பதினாறு வயது முடிகிற தேதியில் இன்றைக்கே, வேலையாட்கள் பேர் பதிகிற செக்ரோலில் எழுதிவைக்கும்.

குள்ளன் முதலில் வருகிற காட்சியை நான் இப்படி எழுதுவேன்:

மடுவத்துக் கொக்கியில் தொங்கிய கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தராசு 18 காட்டி, ஒரு தரம் சிமிட்டி, 16-இல் நின்றது. அவள் படங்கை அவிழ்த்துப் பிழிந்தாள். கெண்டைக்காலில் ஊறிய அட்டையைச் சுண்ணாம்பு வைத்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் குடையோடு நின்றான்.

"எத்தனக்கா இன்னைக்கு?"

"பதினாறு. தண்ணிக்கு ரெண்டு போயிருச்சி."

"அந்த ரெண்டு எங்க போவுதுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"கம்பனிக்குத்தான். வேற எங்க போவும்?"

"இல்லக்கா. அது ஒங்க பேர்ல பத்திரமா இருக்கு. வேணும்னா எடுத்துக்கலாம்."

மிரட்டல் ஒன்றும் இல்லை, குடைகூடக் கொடுக்கிறான். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிவதை மட்டும் பின்னால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். (கவனித்தீர்களா, மழை வந்ததும் கையில் இருப்பது 16 ஆகிவிட்டது. மேலே போட்ட கணக்கு 18-ஐ வைத்து. மழை நாளாக எழுதினால் மூன்று நாளையும் திரும்பக் கூட்டிப் பாருங்கள், பள்ளம் இன்னும் ஆழமாகும்.)

ஆறாம் படி: இரண்டு தமிழ்

பேச்சில் தோட்டத்துத் தமிழ், அறிவித்தலில் கந்தோர்த் தமிழ். இரண்டும் உரசுகிற இடத்தில்தான் கதைக்குச் சூடு பிறக்கும். காம்பரா, இஸ்தோப்பு, மடுவம், பெரட்டு, கவ்வாத்து, படங்கு எதற்கும் அடைப்புக்குறி விளக்கம் போடாதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறார்கள் என்று எழுதினால் காம்பரா என்னவென்று சென்னை வாசகருக்கும் விளங்கும்.

கம்பனியின் குரல் எப்போதும் மரியாதையாக இருக்கட்டும்:

"இத்தால் சகல கொழுந்துச் சகோதரிகளுக்கும் மகிழ்ச்சியுடன் அறியத்தருவதாவது: உங்களில் ஒருவரின் திறமை, இன்று முதல் உங்கள் அனைவரின் திறமையாக அங்கீகரிக்கப்பட்டுள்ளது."

இப்படி ஒன்றை எழுதிச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். சிரிப்பு வந்து, சிரித்து முடித்ததும் வயிற்றைப் பிசைந்தால் சரியான பதத்தில் இருக்கிறது.

ஏழாம் படி: பனிமூட்டம்

ஒரு பக்கத்துக்கு மேல் பனிமூட்டத்தை வர்ணிக்காதீர்கள். ஒரு பக்கமே அதிகம். மலையில் வேலை செய்கிறவருக்கு மூட்டம் அழகல்ல, கொழுந்து தெரியாத நேரம். குளவிக் கூடு, வழுக்குகிற தண்ணீர்க் கான், வரட்சியில் சுருண்ட கொழுந்து இவையெல்லாம் கிலோவைக் குறைக்கிறவை, அந்தக் கணக்கில் மட்டும் உள்ளே வரட்டும். சிறுத்தை வேண்டாம். அது வந்தால் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

எட்டாம் படி: பேரைக் கண்டுபிடிப்பது

மூலக் கதையில், ஆளில்லாத மலையோரத்தில் குள்ளன் நெருப்பைச் சுற்றி ஆடித் தன் பேரைப் பாட, ராணியின் தூதன் கேட்டுவிடுகிறான். அந்தத் தற்செயலை அப்படியே எடுத்து வைத்தால் சப்பென்று போகும். நம்மிடம் அதைவிட நல்ல சரக்கு இருக்கிறது.

நம் கதாநாயகியின் பேர் பிறப்புச் சான்றிதழில் முத்துலெச்சுமி. அடையாள அட்டையில் முத்துலெட்சுமி. செக்ரோலில் முத்துலட்சுமி. மூன்று கிளாக்கர், மூன்று எழுத்து. இந்த ஓர் எழுத்துக்காக ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை எடுக்க முடியாமல், சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. கதாநாயகியின் அம்மாவும் அப்படி அலைந்த ஒருத்தி. ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்து, அவள்தான் சொல்கிறாள்: "ஏ புள்ள, இதில இருக்கறது நீயே இல்ல. இந்தப் பேருக்காரிக்குப் புள்ளையே பொறக்கல."

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பேர் ஒன்று, கடன் தாளில் இன்னொன்று. சட்டப்படி நடக்கிற கம்பனி, சட்டப்படியே மாட்டிக்கொள்கிறது. இத்தனை காலம் இவர்களை அலைக்கழித்த எழுத்துப் பிழை, ஒரே ஒரு நாள் இவர்கள் பக்கம் நிற்கிறது.

குள்ளன் இரண்டாகக் கிழிவதை விட்டுவிட வேண்டியதில்லை. வராத முப்பது கிலோ அவன் தலையில் விழுகிறது. அதை அடைக்க இரண்டு டிவிஷன் செக்ரோலிலும் அவன் பேரைப் போடுகிறார்கள், காலையில் ஒன்று, மத்தியானத்துக்கு மேல் மற்றது. "அக்கா, எனக்கு ரெண்டு கிலோ போடுறீங்களா?" என்று அவன் கேட்கிற காட்சி வேண்டும். அவள் போடுகிறாளா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் போட வைப்பேன்.

ஆனால் கதை அங்கே முடியக் கூடாது, முடிந்தால் அது மறுபடியும் தேவதைக் கதையாகிவிடும். அடுத்த வாரம் பலகையில் கடைசி அறிவித்தல் ஏறுகிறது: பேர்களில் உள்ள எழுத்துப் பிழைகளை முற்றிலும் இலவசமாகத் திருத்தித் தர, பாடசாலை மண்டபத்தில் நடமாடும் சேவை. காலை எட்டு மணிக்கே வரிசை ரோட்டு வரை நிற்கிறது. எத்தனை வருடமாகக் கேட்டது, வராமல் இருப்பார்களா? அவள் அம்மாவும் சத்தியக் கடதாசியை மடித்து எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். அந்த அறிவித்தலையும் வரிசையையும் மட்டும் எழுதுங்கள். இது பொறி என்று யார் வாயாலும் சொல்லவைக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: கொழுந்து பறித்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

தோட்டத்துக்குக் கற்பனைப் பேர் வையுங்கள். காகிதத்தில் ஓர் ஆங்கிலப் பேரும் ஆட்கள் வாயில் ஒரு தமிழ்ப் பேரும் இருந்தால் உண்மைத் தோட்டம் போலவே இருக்கும், யாரும் மனம் நோகவும் மாட்டார்கள். பிறகு, மலைக்குப் போய் வந்த ஒருவரிடம் கதையை வாசித்துக் காட்டுங்கள். நல்லா இருக்கா என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். இந்த மலையில், இந்த மாதத்தில் பதினெட்டு வருமா? நனைந்த கூடைக்கு ரெண்டு கழிப்பார்களா, மூன்றா? கிலோ குறைந்த அன்றைக்கு வீட்டில் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? இப்படிக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதிலில் ஒரு முழுக் காட்சி இருக்கும், கொப்பியைத் திறந்தே வைத்திருங்கள்.

வாசித்து முடித்ததும் அவர் "இது எப்ப நடந்திச்சு?" என்று கேட்டால் எதிர்காலம், வருடம், புது நாணயம் என்று நீங்கள் போட்டிருக்கிற அடையாளங்களை எல்லாம் அடித்துவிடலாம்.

நீளம் மூவாயிரம் சொல்லுக்குள் நிற்கட்டும். இரண்டாம் நாள் கணக்குத்தான் வழக்கமாக இழுபடும், வெட்டுவதை அங்கிருந்து தொடங்குங்கள்.